குளிர்கடலுக்கு ஒரு ரெகுலேட்டர்

கப்பலூர் டீக்கடை முன்னால் நான் வந்த நாகர்கோவில் பஸ் பஞ்சராகி நிற்கிறது. உச்சிவெயில். அடுத்த வாரம் நான் நார்வேக்குக் கிளம்புகிறேன். கடலுக்கடியில் மீன்பண்ணை வலைகளைச் சரிபார்க்கும் வேலை. சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் ரெகுலேட்டரை நானே வாங்கிக்கொண்டு போகவேண்டும். நம் பக்கத்து வெதுவெதுப்பான கடலுக்கு எதுவானாலும் போதும். அங்கே அப்படி இல்லை. மொபைலில் இரண்டு ரெகுலேட்டர் படங்களை மாற்றி மாற்றிப் பார்க்கிறேன்.

பக்கத்து சீட் அக்கா டீயோடு வந்து எட்டிப் பார்க்கிறார்.

"என்னம்மா இது, கேஸ் அடுப்புச் சாமானா?"

"கடலுக்குள்ள மூச்சு விடுறதுக்குக்கா. சாதாரணமானதுன்னா குளிர்ல ஐஸ் கட்டிக்கிரும். காத்து நிக்காமக் கொட்டித் தீந்துரும். இந்த இன்னொண்ணு உள்ள தண்ணி போகாம சீல் வச்சது, லேசுல உறையாது."

"அதையும் மீறி உறைஞ்சிருச்சுன்னா?"

"கூட முங்குறவங்க அவங்க காத்தைக் குடுப்பாங்க."

"ஒங்கூட யாரும்மா முங்குவா?"

அந்த ஊரில் ஒருவர் பெயர்கூட எனக்குத் தெரியாது.

"போனாத்தான் தெரியும்க்கா."

அக்கா என் கையைப் பிடித்து அழுத்துகிறார். சீல் வைத்ததையே ஆர்டர் போடுகிறேன். டயர் மாற்றியதும் பஸ் கிளம்புகிறது. திருமங்கலத்தில் அக்கா இறங்கிப் போய்விடுகிறார். காலியான அந்த இடத்தில் என் பையை வைக்க மனம் வரவில்லை.