எங்கள் கடப்படியில் நின்ற பஸ்

அந்த பஸ் இன்றைக்கும் எங்கள் ஊர்த் தெருவால்தான் போகிறது. ஹோர்னின் மெட்டு மட்டும் மாறியிருக்கிறது. அது கேட்டால் இந்த வயதிலும் என் கால் ஓரிடத்தில் நிற்காது, செருப்பைத் தேடும். அப்போது எனக்கு எட்டு வயது. செருப்பெல்லாம் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை, ஓட வேண்டியதுதான்.

வாவிக்கு அங்கால் இருந்த தையல் தொழிற்சாலையின் பஸ் அது. ஊருக்கு அது காமன்ட்ஸ் பஸ். கொக்கட்டிச்சோலைப் பக்கத்து வயல்வெளியெல்லாம் சுற்றிக்கொண்டு காலையில் எங்கள் தெருவுக்கு வரும். நெற்றியில் ஓர் ஒலிபெருக்கி கட்டியிருக்கும். "பெண்பிள்ளைகள் உடன் தேவை, பயிற்சி இலவசம், காலைச் சாப்பாடு இலவசம்" என்று ஒரு அண்ணன் தொண்டை கிழியக் கூவுவார். எவ்வளவு கூவியும் என்ன, பாதி இருக்கை எப்போதும் காலி. பின்னால் ஓடுகிற எங்களைத்தான் அவரால் சேர்க்க முடிந்தது.

எங்கள் கடப்படியில், அதுதான் வேலி வாசலில், மட்டும் அது நிற்காது. வேலிக் கதவைத் திறந்துகொண்டு வெளியே பாய்ந்து கையைக் காட்டினாலும் நிற்காது. அந்த அண்ணன் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டிவிட்டுப் போவார். எங்கள் வளவுக்குள் ஒரு பட்டதாரி இருக்கிறார் என்பது ஊருக்கே தெரியும், பட்டதாரி வீட்டு வாசலில் காமன்ட்ஸ் பஸ் நிற்பதாவது! எனக்குத்தான் அது தெரியாது. நான் ஒருநாள் பஸ்ஸின் பின்னால் கல் எறிந்ததை அவர்கள் இன்னும் மறக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பட்டதாரி என் சின்னம்மா, அம்மாவின் தங்கை. அம்மாதான் வளர்த்து, படிக்கவைத்தவர். புவியியலில் சிறப்புப் பட்டம். கறுப்பு அங்கியோடு எடுத்த படம் சாமிப் படங்களின் வரிசையில் தொங்கியது, விபூதி பூசாத குறை. எங்கள் பள்ளிக்கூடத்தில் கணக்குக்கு ஆள் இல்லை, விஞ்ஞானத்துக்கு ஆள் இல்லை, இங்கிலீசுக்கு வந்தவர் ஒரு கிழமையில் மாற்றம் வாங்கிக்கொண்டு போய்விட்டார். புவியியல் படித்தவர்களோ எங்கள் பகுதியில் மட்டும் ஒரு பஸ் நிறைய இருந்தார்கள். ஊர் கேட்டது ஒன்று, பிள்ளைகள் படித்தது ஒன்று. இதைப் படிக்கப் போகுமுன்னே யாராவது சொல்லியிருக்கலாம். யார் சொன்னார்கள்?

வீட்டில் சின்னம்மாவால் ஒரு நிமிடம் இருக்க முடியாது. கழுவிய பானையை மறுபடி கழுவுவார். கூட்டிய முற்றத்தைக் கூட்டுவார். கட்டிலை இந்தச் சுவரில் இருந்து அந்தச் சுவருக்கு இழுப்பார், அடுத்த நாள் திருப்பி இழுப்பார். உட்கார்ந்தாலும் ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும்.

"ஒரு இடத்தில இரி புள்ள. உன்னப் பாக்க எனக்குத் தலை சுத்துது" என்று அம்மா கத்துவார்.

அப்பாவுக்கு ஒரே ஒரு மந்திரம்தான் தெரியும். "கோழி மேய்ச்சாலும் கோறணமேந்தில மேய்க்கணும்." கோறணமேந்து என்றால் அரசாங்கம். வயல் வட்டையில் இருந்து சேற்றுக் காலோடு வரும்போதும் அதைத்தான் சொல்லுவார், சோற்றில் கை வைக்கும்போதும் அதைத்தான் சொல்லுவார். எங்கள் பக்கத்தில் கலியாணத்துக்குப் பெண்ணுக்குத்தான் வீடு கொடுக்க வேண்டும். அதனால் பக்கத்து வளவில் சின்னம்மாவுக்கென்று அப்பா ஒரு வீடு தொடங்கி, சுவர் ஜன்னல் மட்டத்துக்கு வந்து நின்றிருந்தது. உன்னிச்சையில் இருந்து ஒரு வாத்தியார் மாப்பிள்ளை பேசி வந்திருந்தார்கள். "நியமனம் கிடைக்கட்டும், மறுகா நாள் பாப்பம்" என்று சொல்லித் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள். ஆக, அரசாங்க நியமனம் வந்தால் வேலை, வேலை வந்தால் கலியாணம், கலியாணம் வந்தால் அந்த வீட்டுக்குக் கூரை.

அப்போதுதான் டவுனில் வாவிக்கரையோரம் பட்டதாரிகள் கூடாரம் போட்டு, வேலை கேட்டுப் போராட்டம் இருந்தார்கள். சின்னம்மாவும் போனார். அம்மாவுக்கு வந்த பெருமையைப் பார்க்க வேண்டும்! சோற்றுப் பார்சலைக் கட்டிக் கொடுத்துவிட்டு, கந்தோரில் வேலைக்கு அனுப்புவது போலத் தெருவரை வந்து பார்த்து நிற்பார். சின்னம்மா முகம் கறுத்துத் திரும்பி வருவார்.

"அங்கயும் இரிக்கிறதுதான் வேலை அக்கா. இஞ்ச இரிந்தா நீ ஏசுறாய், அங்க இரிந்தா ஆக்கள் கைதட்டுறாங்க."

பிறகு திடீரென்று சின்னம்மா மாறிப்போனார். அதிகாலையில் புறப்பட்டால் பொழுது பட்டுத்தான் வருவார். இரண்டு தரம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். அடித்துப் போட்ட மாதிரி உறங்குவார். கால் ஆடுவதும் நின்றுவிட்டது. அவரின் தலைமுடியிலும் சட்டையிலும் நூல் துண்டுகள் ஒட்டியிருக்கும். நான் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து ஒரு நெருப்புப் பெட்டியில் சேர்த்தேன்.

"என்னகா இது, உடம்பெல்லாம் நூலு?" என்று அம்மா கேட்டார்.

"கூடாரத்தில பேனர் தைக்கிறம்" என்றார் சின்னம்மா.

நான் பள்ளிக்கூடத்தில் அளந்தேன் பாருங்கள்! எங்கள் சின்னம்மா தைக்கிற பேனர் வாவிப் பாலத்தின் இந்தத் தொங்கலில் இருந்து அந்தத் தொங்கல் வரைக்கும் வரும் என்றேன்.

உண்மையில் அந்த நாட்களில் சின்னம்மா கூடாரத்துக்குப் போகவே இல்லை, எனக்கு இதெல்லாம் வளர்ந்த பிறகுதான் தெரிந்தது. எங்கள் வீட்டைத் தாண்டி அடுத்த சந்தி வரை நடந்துபோய், சால்வையால் தலையை மூடிக்கொண்டு, நான் துரத்துகிற அதே பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தார். ஒளித்தது வீட்டுக்குப் பயந்து மட்டுமில்லை. தனியார் இடத்தில் நிரந்தரமாக வேலை செய்து, பேரில் ஈ.பி.எஃப். என்ற சேமலாப நிதி பிடிக்கத் தொடங்கிவிட்டால் அரசாங்க நியமனம் இல்லை என்று ஒரு சட்டம் இருந்தது. வேலை கேட்கிறவர் வேலை செய்யக் கூடாதாம். செய்தால், உனக்குத்தான் வேலை இருக்கிறதே, போ என்பார்களாம். என்ன நியாயமோ! அதனால் சின்னம்மா மேற்பார்வையாளரிடம் கெஞ்சி, நாட்கூலிக்கு மட்டும் தைத்தார். சும்மா இருந்து பைத்தியம் பிடிக்காமல் இருக்க, நியமனம் வரும்வரைக்கும் என்றுதான் நினைத்தார்.

ஒரு மாலை கையில் ஒரு பெட்டியோடு வந்தார். என்னைக் கூரையில்லாத வீட்டுக்குள் கூட்டிக்கொண்டுபோய், ஜன்னல் திட்டில் இருத்தி, பெட்டியைத் திறந்தார். ரோசா நிறக் கேக். என் வாழ்நாளில் ஒரு முழுக் கேக்கை எனக்கென்று யாரும் தந்ததில்லை.

"ஆருக்குப் பிறந்தநாள் சின்னம்மா?"

"எனக்குத்தான் தந்தாங்க. நான் நல்லாத் தைக்கிறனாம், தெரியுமா?"

சொல்லும்போது குரலில் பெருமை இருந்தது. கண்ணில் தண்ணீரும் இருந்தது. கேக்கைப் பார்த்துக்கொண்டு ஒருவர் எதற்கு அழ வேண்டும்? எனக்கு விளங்கவில்லை. "பேனர் நல்லா வந்திருக்குப் போல" என்று சொல்லிவிட்டு வாய் நிறையத் தின்றேன். சின்னம்மா ஒரு துண்டும் தொடவில்லை.

தொழிற்சாலையில், கெதியாக வேலை பழகிவிட்டார், புதிதாக வருகிற பிள்ளைகளுக்கும் பொறுமையாகச் சொல்லிக் கொடுக்கிறார், சிங்களமும் பேசுகிறார் என்று, அவரைக் கேட்காமலே நிரந்தரமாக்கி, எல்லோரையும் கைதட்டவைத்துக் கேக்கும் கொடுத்திருந்தார்கள். நல்லது செய்கிறோம் என்று மனதாரச் செய்தது. அவர் பேரில் ஈ.பி.எஃப். விழுந்துவிட்டது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை.

கொஞ்ச நாளில் நியமனங்கள் வந்தன. சின்னம்மாவின் பேர் இல்லை. வீடு செத்த வீடு போல ஆனது. அப்பா அரசாங்கத்தின் ஏழு தலைமுறையையும் திட்டினார். அம்மா, ஆரோ செய்வினை செய்துவிட்டார்கள் என்று கொக்கட்டிச்சோலைக் கோயிலுக்கு நேர்த்தி வைத்தார். உன்னிச்சைக்காரர் நியமனத்தில் பேர் வந்த வேறொரு பெண்ணைப் பார்த்துவிட்டார்கள். பேர் வந்த ஒரு சிநேகிதி வீட்டுக்கு வந்து, அவரின் கந்தோரில் கதிரை பற்றாமல் முறை வைத்து உட்காருகிறார்கள் என்று சொன்னார். "கூடாரத்தில இரிந்ததுக்கு இஞ்ச ஃபேன் இரிக்கு, அவ்வளவுதான்கா." சின்னம்மா சிரிக்கவில்லை. அவர் கால் மறுபடி ஆடத் தொடங்கியிருந்தது.

அடுத்த நாள் காலை சின்னம்மா விடிந்த பிறகுதான் புறப்பட்டார். தலையில் சால்வை இல்லை. நேரே வந்து கடப்படியில் நின்றார். அம்மா பின்னால் ஓடி வந்தார்.

"எங்க புள்ள போறாய்? கூடாரத்தத்தான் கழட்டிட்டாங்களே."

"வேலைக்கு அக்கா."

"என்ன வேலை?"

சின்னம்மா பதில் சொல்லுமுன் ஹோர்ன் கேட்டது. நான் வழக்கம்போலக் கையை ஆட்டினேன். நம்புவீர்களோ தெரியாது, பஸ் நின்றது! எங்கள் கடப்படியில்! கூவிக்கொண்டிருந்த அண்ணன் பாதியில் வாயை மூடினார். உள்ளே இருந்த பிள்ளைகள் "அக்கா, இஞ்ச வாங்க" என்று இடம் காட்டினார்கள். சின்னம்மா ஏறினார். ஏறியவர் ஒருமுறை அம்மாவைத் திரும்பிப் பார்த்தார், பிறகு போய் இருக்கையில் இருந்துகொண்டார்.

தெரு முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. நான் அந்தப் பெருமையில் மிதந்தேன். திரும்பினால், அம்மா வேலிக்கதவைப் பிடித்தபடி மண்ணில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு குலுங்கினார். தன்னை விட்டுவிட்டுப் போய்விட்டார்களே என்றுதான் அழுகிறார் என்று எனக்குப் பட்டது. பாவமாக இருந்தது. பக்கத்தில் குந்தி, முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

"அழாதீங்கம்மா. அதுக்குள்ள நிறைய இடம் கிடக்கு. நான் வளந்தா நாம ரெண்டு பேரும் போவம்."

அம்மா அதற்குப் பிறகுதான் வாய்விட்டு அழத் தொடங்கினார். நான் பஸ்ஸின் பின்னால் ஓடினேன்.