கோட்டையில் மதிய உணவு இடைவேளை

பிரான்சின் மியோ நகரத்துக் கையுறைத் தொழிற்சாலை மூடப்பட்டபோது ஓதில் வெர்னுக்கு நாற்பது வயது. அங்கே மதிய இடைவேளையை இரண்டு மணி நேரமாக்கப் போராடி வென்ற தொழிற்சங்கக்காரி அவர். பிறகு மாலை வகுப்பில் நிரல் எழுதக் கற்று, ரொட்டிக்கடை மாடியில் இயங்கிய எங்கள் 'நீல விளக்கு' நிறுவனத்தில் சேர்ந்தார். கணினி விளையாட்டுகள் தயாரித்தோம்; நான் படம் வரைபவன். முதலாளிகளை ஒழிக்க வேண்டும் என்பது ஓதிலின் கொள்கை. எங்கள் முதலாளி பஸ்தியானுக்குச் சளி பிடித்தால் சூப் கொண்டுவருவதும் அவர்தான்.

1990இல் ஒரு கோட்டை விளையாட்டு செய்தோம். காவலர்களை ஏமாற்றி உள்ளே நுழைந்து கைதியை மீட்க வேண்டும். கணினியில் என்ன நேரமோ, கோட்டையிலும் அதே நேரம். காவலர்களின் அன்றாட நடமாட்டம் முழுவதையும் எழுதியவர் ஓதில். லண்டன் வெளியீட்டாளர் அதை வாங்கினால் பிழைப்போம்; இல்லாவிட்டால் மாடியைக் காலி செய்ய வேண்டியதுதான்.

விளையாட்டை ஆடிப் பார்க்க வெளியீட்டாளர் அனுப்பிய விட்லாக், நாங்கள் சாப்பிட அழைத்தபோது மறுத்துவிட்டு, சாண்ட்விச்சும் கையுமாகக் கணினி முன் உட்கார்ந்தார். விருந்தாளியை விட்டுவிட்டுப் போவது எங்களுக்கு அநாகரிகமாகப் படவில்லை. அவர் வராததுதான் அப்படிப் பட்டது.

திரும்பி வந்தபோது அவர் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"உங்க கோட்டையில ஈ காக்கா இல்ல. கதவு திறந்து கிடக்கு. சாண்ட்விச் முடியறதுக்குள்ள கைதியைக் கூட்டிட்டு வந்துட்டேன்."

"அப்ப மணி என்ன இருக்கும், முசியே?" என்றார் ஓதில்.

"பன்னிரண்டரை."

"சாப்பிடப் போயிருப்பாங்க."

"எல்லாருமேவா?"

"பின்ன? ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பார்க்காம தின்னா அது சாப்பாடா?"

ஓராண்டாக அந்த விளையாட்டைச் சோதித்துக்கொண்டிருந்தோம். அந்த வேளையில் மட்டும் ஒருவரும் கணினி முன் இருந்ததில்லை. நாங்களும் சாப்பாட்டு மேசையில்தான் இருந்தோம்.

அதைச் சரிசெய்ய, மறுநாள் மாலை ரயிலேறும்வரை அவகாசம் தந்தார் விட்லாக். அவர் விடுதிக்குப் போனதும் பஸ்தியான் கெஞ்சினார்: "ஓதில், அந்த இடைவேளையை எடுத்துடேன்."

"போராடி வாங்கினதை நானே பறிக்கவா? அதுக்கு வேற ஆளைப் பாரு." சற்று யோசித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "அத்தனை பேருக்கும் சமைச்சுப் போடறவன் எங்க? எனக்கு ஒரு சமையல்காரன் வேணும். மலை மாதிரி. கையில பெரிய கரண்டி."

"அவன் மட்டும் சாப்பிட மாட்டானா?" என்றேன்.

"எல்லாரும் எழுந்தப்புறம்தான். தொழிற்சாலை சமையலறைல பார்த்திருக்கேன். ஊரே தின்னுட்டிருக்கும்போது நிக்கிறவன் கோபம் இருக்கே, அப்பா!"

மறுநாள் மதியம் விட்லாக் புன்னகையோடு திறந்த கதவுக்குள் நுழைந்தார். கைதியிடம் போகும் வழி இப்போது சமையலறைக்குள் போனது. ஒரே கரண்டியடி. மறுபடி நுழைந்தார், மறுபடி அடி. அவரை அந்த நிலையில் விட்டுவிட்டு, வழக்கம்போல் உணவகத்துக்குப் போனோம். பஸ்தியானுக்கு எதுவும் இறங்கவில்லை. ஓதில் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

சாப்பாட்டின் முடிவில் பாலாடைக்கட்டி வரும் நேரத்தில் விட்லாக் வந்தார். டை தளர்ந்திருந்தது, கடிக்காத சாண்ட்விச் கையிலேயே இருந்தது.

"அந்த ராட்சசனைத் தாண்டவே முடியலையே!" என்றவர், ஒப்பந்தத்தை மேசைமேல் விரித்துப் பேனாவைத் திறந்தார். "இவன் லண்டன்ல ஒருத்தனையும் தூங்க விடப்போறதில்ல. யாரு கையெழுத்துப் போடறீங்க?"

பஸ்தியான் கை நீட்டினார். ஓதில் அதைத் தட்டிவிட்டு, ஒப்பந்தத்தை எடுத்து ஓரமாக வைத்தார். விட்லாக்குக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"முதல்ல உக்காருங்க, முசியே. இது சாப்பாட்டு நேரம்."

விட்லாக் உட்கார்ந்தார்.