புறப்படும் காலையில் எரிந்த விளக்கு

காரில் சாவியைத் திருப்பினால் எல்லா விளக்குகளும் எரியும். எஞ்சின் பிடித்ததும் அணைந்துவிடும். அன்று காலை ஒன்று மட்டும் அணையவில்லை. எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு. காரும் காய்ச்சல்காரனைப் போல உதறியது.

பக்கத்து வீட்டுப் பெண் முதல் பிரசவத்துக்காக அன்று டிக்கோயா ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். அவள் புருஷனுக்குக் கொழும்பில் வேலை. எங்கள் தேயிலைத் தோட்டத்து மேல் டிவிசனுக்கு பஸ் வராது. "மாமா காருலயே போயிருவோம்" என்று முன்பே சொல்லிவைத்திருந்தாள். மேட்டில் கார் இழுக்காமல் திணறுகிறதே என்று முதல் நாள் மத்தியானம் நானே எஞ்சினுக்குப் போகும் காற்றை வடிக்கும் எயார் பில்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தேன். அதற்கு, பில்டர் பெட்டியில் செருகியிருந்த ஒரு வயர் பிளக்கையும் பிடுங்க வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் மாட்டி, கோயில் வரை ஓட்டிப் பார்த்தேன். சத்தமில்லாமல் ஓடியது. எஞ்சின் ஆறட்டும் என்று பொனெட்டைத் திறந்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

இப்போது இந்த விளக்கு. காரோடு வந்த புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறதோ, அஞ்சாம் வகுப்போடு நின்ற எனக்கு அது விளங்காது. யாரிடமும் சட்டென்று ஒன்று கேட்கவும் எனக்கு வராது. வேறு வழியில்லாமல் ஹட்டன் மெக்கானிக்கை ஃபோனில் கூப்பிட்டேன்.

"என்ன பாஸ், எனக்குப் போட்டியா கராஜ் போட்டுட்டீங்களா?" என்று சிரித்தான். பிறகு, "நேத்து எதக் கழட்டுனீங்களோ அதையே திரும்பக் கழட்டிப் பாருங்க. அதோட பெட்டரி வயரையும் கொஞ்ச நேரம் எடுத்து வைங்க, அப்பத்தான் காரு பழைய கொறைய மறக்கும்" என்றான்.

பொனெட்டைத் திறக்கும்போதே பெண்ணின் அம்மா பையும் பிளாஸ்குமாக வந்துவிட்டாள். "என்னங்க தம்பி, கெளம்பலாமா?"

"அஞ்சு நிமிஷம்க்கா."

பெண் வாசல் கல்லில் இடுப்பைப் பிடித்தபடி உட்கார்ந்தாள். கார் சரியில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இறக்கத்தில், தேயிலை மலைக்கு நடுவே எஞ்சின் நின்றுபோனால் இவளை என்ன செய்வேன் என்பதிலேயே மனம் நின்றது.

பிளக்கைப் பிடித்தேன். லேசாக ஆடியது. முதல் நாள் முழுதாக அழுத்தாமல் விட்டிருக்கிறேன். பிடுங்கினால் உள்ளே ஈரம், மஞ்சளாக. அப்போதுதான் பில்டர் மூடியில் மூன்று குங்குமப் பொட்டுகளைப் பார்த்தேன்.

பின்னால் நின்ற மனைவியைத் திரும்பிப் பார்த்தேன்.

"நாந்தான்," என்றாள். "நேத்து நீங்க குளிக்கப் போனப்ப மஞ்சத்தண்ணி தெளிச்சேன். கழட்டிப் பூட்டுன வண்டி, புள்ளத்தாச்சி வேற ஏறப்போறா."

"டயருக்குத் தெளிச்சா போதாதா?"

"டயரையா கழட்டுனீங்க?"

பெட்டரி வயரை எடுத்துவிட்டு, துணி நுனியைத் திரித்துப் பிளக்கைத் துடைத்தேன். ஊதினேன். வெயில் விழுந்த இடத்தில் காட்டிக்கொண்டு நின்றேன். "என்னத்த மாமா ஊதுறீங்க, பாலு சூடா இருக்கா?" என்று பெண் சிரித்தாள்.

'டிக்' என்று சத்தம் கேட்கும்வரை அழுத்தி மாட்டினேன். பெட்டரி வயரைப் பூட்டிச் சாவியைத் திருப்பினேன். எஞ்சின் உதறவில்லை. விளக்குகள் எல்லாம் அணைந்தன. அதுவும் அணைந்தது.

பெண் பின் சீட்டில் அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டாள். மனைவி மறுபடி மஞ்சள்தண்ணீர்ச் செம்போடு வந்தாள். நான் இறங்கிப் போய், பொனெட் நன்றாக மூடியிருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தேன். "இப்ப தெளி" என்றேன்.

குறை தீர்ந்ததால் அணைந்ததா, பெட்டரி வயரைக் கழற்றியதால் கார் அந்தக் குறையை மறந்துவிட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு வளைவிலும் ரோட்டை ஒரு தரமும் அந்த விளக்கு இருந்த இடத்தை ஒரு தரமும் பார்த்தேன். "மாமா, ஏன் பேசாம வர்றீங்க?" என்றாள் பெண். நான் எப்போதும் அப்படித்தான் என்று அவள் அம்மா சொன்னாள். ஆஸ்பத்திரி கேட்டுக்குள் நுழைந்து, அவர்கள் இறங்கி உள்ளே போன பிறகும் எஞ்சினை நிறுத்தாமல் அந்த விளக்கின் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருட்டாகவே இருந்தது.