ஜாய்ஸ் அக்கா விரித்த பாய்

ஜாய்ஸ் அக்கா காலமான செய்தி வந்தபோது நான் சத்திரம் பேருந்து நிலையத்தில் காட்டூர் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். அக்காவின் மருமகள் ரங்கநாயகிதான் போன் செய்தாள். "எஸ்தர் அக்கா, அத்தை போயிட்டாங்க. பாயை விரிச்சுட்டுச் சுவத்துல சாஞ்சாங்க. நான் காபி எடுத்துட்டு வர்றதுக்குள்ள..." அன்று வெள்ளிக்கிழமை. அந்தப் பாய் எதற்கு என்று இதைப் படிக்கிற சபையார் எல்லோருக்கும் தெரியும். தெரியாத மாதிரி நீங்கள் இருந்துவிடக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். இதை அச்சிடும் சபை மலர்க்காரர்கள் சில வரிகளை எடுத்துவிடலாமா என்று கேட்டார்கள். முடியாது என்று சொல்லிவிட்டேன்.

அக்காவும் நானும் ரயில்வே அலுவலகத்தில் ஒரே பிரிவில் வேலை பார்த்தோம், பாடகர் குழுவில் பக்கத்தில் பக்கத்தில் நின்று பாடினோம். அவர் மகன் ஸ்ரீரங்கத்துப் பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டான். ரங்கநாயகி ஞானஸ்நானம் எடுக்கவில்லை, அக்காவும் எடு என்று சொல்லவில்லை. மார்கழியில் அவளை விடியலில் எழுப்பிக் கோயிலுக்கு அனுப்பியதே அக்காதான். நம் சபைச் செயலருக்கு இது பொறுக்கவில்லை. வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம் காட்டூரில் வீடு வீடாக முறை வைத்து நடக்கும். அந்த முறையிலிருந்து அக்கா வீட்டை எடுத்துவிட்டார். போதகர் வாயைத் திறக்கவில்லை. நீங்களும்தான்.

அக்கா வெள்ளிதோறும் வீட்டைத் துடைத்து, கோரைப்பாயை விரித்து, வாசல் கதவைத் திறந்து வைத்தார். யாரும் வரப்போவதில்லையே, இது எதற்கு என்று நான் சண்டை போட்டிருக்கிறேன். "காத்திருக்கறதுன்னா சும்மா உக்காந்திருக்கறதா? பாயையாவது விரிச்சு வெக்க வேணாமா? நான் கர்த்தருக்குக் காத்திருக்கேன் எஸ்தர், செயலருக்கு இல்ல" என்றார்.

ஒரு ஞாயிறு அறிவிப்பில் அக்கா வீட்டைத் தாண்டி அடுத்த வீட்டின் பெயரைச் செயலர் வாசித்தார். ஆராதனை நடுவிலேயே நாலு கேள்வி கேட்டுவிடலாம் என்று எழுந்தேன். அக்கா என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். "உக்காரு. அவரை முந்திக்கிட்டு நீ போகாத." அவர் என்றது மேலே இருப்பவரை. அன்று எனக்கு அவர் மீதும் கோபம்தான்.

பிறகு செயலர் ஆள் அனுப்பினார். மருமகள் ஞானஸ்நானம் எடுத்தால் வீட்டை மறுபடி முறையில் சேர்த்துக்கொள்வார்களாம். அக்கா வந்தவருக்குக் காபி கொடுத்துவிட்டுச் சொன்னார்: "ஜெபக்கூட்டம் வர்றதுக்கு என் மருமகள டிக்கெட்டாக் கிழிச்சுக் குடுக்க மாட்டேன்னு சொல்லிடுங்க."

அந்த ஐப்பசி மழையை மட்டும் நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அடுத்த வீட்டு ஜெபக்கூட்டத்துக்குப் போன கூட்டம் மழைக்கு ஒதுங்கி அக்கா வீட்டு வாசலில் நின்றது. உள்ளே அக்காவும் நானும் இருந்தோம், பாய் விரித்திருந்தது, கதவும் திறந்திருந்தது. "உள்ள வாங்க, நனையாதீங்க" என்று அக்கா இரண்டு முறை கூப்பிட்டார். வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செயலர் தெருவையே பார்த்தார். மற்றவர்களும் அவரைப் பார்த்து அப்படியே நின்றார்கள். கதவைச் சாத்துங்கக்கா என்று நான் பல்லைக் கடித்தேன். அக்கா தன் கறுப்புக் குடையை எடுத்துக்கொண்டுபோய்ச் செயலர் கையில் கொடுத்தார். வீட்டுக்குள் வராத மனிதர் குடையை மட்டும் வாங்கிக்கொண்டார், திருப்பித் தரவில்லை.

அடக்கத்தன்று நீங்கள் எல்லோரும் வந்தீர்கள். அந்தப் பாயில் உட்கார இடம் போதவில்லை. செயலர் கண்ணை மூடி ஜெபித்தார். எங்கள் சகோதரி பொறுமையோடு காத்திருந்த விசுவாசி என்றார். காக்க வைத்த வாயாலேயே சொன்னார். ஆமென் சொல்லும்வரை நானும் பொறுத்தேன். பிறகு கேட்டேன்.

"ஐயா, அக்கா குடையை இன்னும் தரலியே?"

"எந்தக் குடைம்மா?"

"உள்ள வர மாட்டேன்னு இந்த வாசல்ல நின்னீங்களே, அன்னிக்கு வாங்கிட்டுப் போனது."

அவர் முகம் கறுத்துப்போனது. துக்க வீட்டில் இப்படிக் கேட்கலாமா என்று பிறகு பலர் என்னைக் கடிந்துகொண்டார்கள். கேட்டது எனக்கு இனித்தது. அக்கா உயிரோடு இருந்திருந்தால் என் முந்தானையை இழுத்திருப்பார். இழுக்க ஆள் இல்லையே என்றுதான் அதன்பின் உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் குடை வந்து சேர்ந்தது, வேறு ஒருவர் கையில். ரங்கநாயகி அதை எனக்கே கொடுத்துவிட்டாள். அக்காவின் பொறுமை என்னிடம் ஒட்டவில்லை. ஒட்டியது குடையும் வெள்ளிக்கிழமையும்தான். இப்போதும் வெள்ளிதோறும் நானும் ரங்கநாயகியும் பாயை விரித்து, கதவைத் திறந்து வைத்துக் காத்திருக்கிறோம். செயலர் அந்தத் தெரு வழியாகத்தான் போயாக வேண்டும், மழையும் ஒருநாள் வரும். அன்று அவருக்குக் குடை தர மாட்டேன். உள்ளே வந்து, அந்தப் பாயில் உட்கார்ந்து, ரங்கநாயகி கையால் காபி வாங்கிக் குடிக்கட்டும்.