வேனின் முன் சீட்டும் ரவியின் கேள்விக்குறியும்

ரவி போய்விட்டார்.

நேற்றுக் காலை தம்போயில் அவர் ஃப்ளாட் வாசலில் வேனை நிறுத்தி ஹார்ன் அடித்தேன். ஆள் இறங்கி வரவில்லை... போன் போட்டேன். அவர் மனைவி எடுத்தார்.

"அண்ணே, நீங்க கெளம்புங்க. அவரு எந்திரிக்கல."

தூக்கத்திலேயே ஹார்ட் அட்டாக்.

என் வேனில் தினமும் இங்கிருந்து கடல் பாலம் தாண்டி சிங்கப்பூர் வேலைக்குப் போகிறவர்களுக்குத் தெரியும். முன் சீட்டில், என் பக்கத்தில், மடியில் லேப்டாப்போடு வருவாரே... அவர்தான்.

கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிற மனிதர். நானோ மூன்றாம் படிவத்தோடு படிப்பை மூட்டை கட்டியவன், எனக்குத் தெரிந்த புரோகிராம் எல்லாம் டிவியில் வருவதுதான். ஆனாலும் பாலத்தில் ஜாம் ஆனால் என்னிடம்தான் பேசுவார். மற்றவர்கள் எல்லாம் குறட்டை.

உலகம் முழுக்க ஆட்கள் சேர்ந்து வளர்க்கிற ஒரு கம்ப்யூட்டர் மொழியாம். அதில் புதிதாக ஒரு குறியைச் சேர்க்கச் சொல்லி எழுதிப் போட்டிருந்தார். ஒரு கேள்விக்குறி, ஒட்டினாற்போல ஒரு சமக்குறி. மூன்று வரியில் எழுதுவதை ஒரே வரியில் முடித்துவிடலாமாம்.

"அப்படி என்னதான் செய்யும் அது?"

"உங்க வேன் மாதிரிதாண்ணே. சீட் கோசோங்கா, காலியா இருந்தா ஒரு ஆள உக்கார வை. ஏற்கெனவே ஆள் இருந்தா, தொடாத. அவ்ளோதான்."

"அலமாக்! இத நான் டெய்லி செய்றேன் லா. எனக்கு யாரும் சிங்கப்பூர் சம்பளம் குடுக்கலையே!"

அப்படிச் சிரித்தார். பின்னால் இரண்டு பேர் விழித்துக்கொண்டார்கள்.

பிறகு ஒரு நாள் முகமே சரியில்லை. யாரோ அந்தக் குறியை எதிர்த்து எழுதியிருக்கிறார்கள். காலி இடம் தானாகவே நிரம்பிவிட்டால், அது ஏன் காலியானது என்று யாருமே கேட்க மாட்டார்கள் என்று.

"அவன் சொல்றதும் சரியாத்தான் இருக்குண்ணே," என்று சீட்டைத் தட்டினார். "இதுல எனக்கு முன்னால யாரு வந்தா?"

அல்போன்ஸ். அவரும் இப்படித்தான்... ஒரு காலை ஹார்ன் அடித்தேன், இறங்கி வரவில்லை. அவரும் தூக்கத்தில்தான். மறுநாளே, பின் சீட்டில் குமட்டலோடு வந்துகொண்டிருந்த ரவி முன்னால் ஏறிக்கொண்டார். நானும் ஒன்றும் சொல்லவில்லை. சீட் காலியாகத்தானே இருந்தது.

இதைச் சொன்னேன். ரவி சீட்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

"வேணும்னா பின்னால மாறிக்கிங்க ரவி" என்றேன்.

"பின்னால உக்காந்தா எனக்கு வாந்தி வரும்ணே."

இன்று மதியம் தகனம் முடிந்தது. அவர் போனை அவர் மனைவி என்னிடம் நீட்டினார். "இது என்னன்னு தெரியுமாண்ணே? காலையிலேருந்து வந்துகிட்டே இருக்கு."

வாழ்த்துகள். அந்தக் குறியை ஏற்றுக்கொண்டுவிட்டார்களாம். அடுத்த வெர்ஷனில் வருகிறதாம். எனக்கிருக்கிற இங்கிலீஷுக்கே அது புரிந்தது.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு உட்கார்ந்தேன். என் மகள் கவிதா டீ கொண்டுவந்து கொடுத்தாள். திங்கட்கிழமை அவளுக்கு சிங்கப்பூரில் முதல் வேலை. என் வேனில்தான் வரப்போகிறாள்.

"பாவம்பா அந்த அங்கிள்..." என்றாள். "அப்பா, முன் சீட் இப்ப கோசோங்தானே?"

"நீ பின்னால உக்காரு."

"பின்னால உக்காந்தா எனக்கு வாந்தி வரும்பா."

டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

பேய் பிசாசு என்றால் கிண்டல் செய்கிற ஆள் நான். கீழே இறங்கிப் போய், ஸ்பேர் டயரைத் தூக்கி முன் சீட்டில் வைத்து, பெல்ட்டும் மாட்டிவிட்டு வந்திருக்கிறேன். திங்கட்கிழமை ஏறுகிறவர்கள் சிரிக்கலாம். டயரை மட்டும் தொட வேண்டாம். அங்கே ஏற்கெனவே ஆள் இருக்கிறது.

ரவி... முதலில் இங்கே 'போயிட்டு வாங்க' என்று எழுதினேன். 'வாங்க' என்பதை அழித்துவிட்டேன்.

போங்க ரவி. நல்லபடியா போங்க.