அரிசி இல்லாத தோட்டத்தில் ஒரு வெண்கலப் பானை

இந்தத் தைப் பொங்கலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, நியாலாஸ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துக்குப் போய் வந்தேன். என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி அங்கே இருக்கிறார். அவருடைய வெண்கலப் பானையைக் கேட்டு வாங்கி வருவதுதான் நோக்கம். மாமியார் எங்களுக்கு ஆளுக்கொன்று கொடுத்தார். என்னுடையதை ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக்கிழங்குக்குக் கொடுத்துவிட்டேன். அவர் ரப்பர் மரத்தடியில் புதைத்து வைத்துக் காப்பாற்றிவிட்டார். அன்றிலிருந்து எனக்கு வயிற்றெரிச்சல்.

மலாக்காவில் காலை ஏழு மணி பஸ். ஜாசின் ஏறக்குறைய இருபது மைல், எழுபது காசு. அங்கிருந்து வாடகைக் கார், ஆளுக்கு ஒரு வெள்ளி. "இருட்டறதுக்குள்ள திரும்பிடுங்கக்கா, ரோட்ட அடைச்சிடுவானுங்க," என்றார் டிரைவர்.

முள்வேலி வாசலில் சோதனை. பிள்ளையாருக்கு அட்சதை போட ஒரு பிடி பச்சரிசியை மஞ்சள் தடவி முந்தானையில் முடிந்திருந்தேன். சோதனை போட்ட மலாய்ப் பெண் முடிச்சை அவிழ்த்துவிட்டு, "பெராஸ் தா போலே, காக்!" என்றாள். அரிசி கூடாதாம். சாமிக்கு என்றேன். காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமாம். முருகா என்று கொட்டினேன்.

உள்ளே எந்த வீட்டிலும் ஒரு மணி அரிசி கிடையாது. பொதுச் சமையற்கட்டில் வடித்த சோற்றைத்தான் அளந்து கொடுக்கிறார்கள். ஆனாலும் அவர் வீட்டு அடுப்பில் அந்தப் பானை! புளி போட்டுத் துலக்கி, திருநீறு பூசி, பொன்னாக மின்னியது.

"அக்கா, இங்கதான் பொங்க முடியாதே. எங்கிட்ட குடுங்க. மவளுக்குத் தலைப் பொங்கல்."

"ஒங்கிட்ட அரிசி இருக்கு, எந்தச் சட்டியிலயும் பொங்கலாம்லா. எங்கிட்ட இது ஒண்ணுதான் இருக்கு."

"பொங்கிட்டுத் திருப்பிக் குடுத்துடுறேன்."

"ஒன் வீட்டுக்குள்ள போனா பாஸ் இல்லாம வெளிய வராது, தங்கச்சி!"

பக்கத்து வீட்டுக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது.

"வெறும் பானைக்கு இவ்ளோ ராங்கியா?"

"வெறும் பானையா? தூக்கிப் பாரு."

தூக்கினேன். நல்ல கனம். கீழே வைக்க மனமில்லை. அவரே வாங்கி, என் விரல் பட்ட இடத்தைத் துணியால் துடைத்துவிட்டு அடுப்பில் வைத்தார்.

அந்தப் பக்கம் போகிறவர்கள் அடையாளக் கார்டை மறக்காதீர்கள். சாமிக்கென்றாலும் அரிசி வேண்டாம். பூவும் கற்பூரமும் போதும். நான்கு மணிக்கே காரைப் பிடித்துவிடுங்கள்.

பொங்கலன்று முருகன் படத்தின் முன் மகளுக்காக வேண்டத்தான் நின்றேன். வாயில் வந்ததோ, அந்தத் தோட்டத்துக்குச் சீக்கிரம் அரிசியைத் திறந்துவிடு என்பது. அவர் வீட்டுக்கு அரிசி வந்துவிட்டால், பானையைப் பிடித்திருக்கும் அவர் கை கொஞ்சமாவது தளராதா?