தம்பிக்குப் போன பச்சைக் கார்

பொறாமை என்று நாசூக்காகச் சொல்லி என்ன ஆகப்போகிறது, வயிற்றெரிச்சல்தான். அதுவும் கூடப் பிறந்த தம்பி மேல். அப்பாவின் பச்சைக் கார் அவனுக்குப் போன நாளிலிருந்து அவனோடு முகம் கொடுத்துப் பேச எனக்கு வரவில்லை.

ரெண்டே சீட் உள்ள பழைய இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார் அது. கூரையை மடித்துவிடலாம். நாங்கள் பிறக்கும் முன்பே அப்பா வாங்கியது. கிளாசிக் கார் என்று பதிந்திருந்ததால் வருஷத்தில் சில நாள்தான் ரோட்டில் ஓட்டலாம். மீதி நாளெல்லாம் தோ பாயோவில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கார் பார்க்கில் துணி போர்த்திக்கொண்டு கிடக்கும். அப்பாவுக்குக் கண் மங்கிவிட்டது. இனி லைசென்ஸ் புதுப்பிக்கப் போவதில்லை என்று சொன்ன அன்று, சாப்பாட்டு மேசையிலேயே சாவியை எடுத்துத் தம்பி பக்கம் தள்ளினார். என் முகம் போன போக்கைப் பார்த்திருப்பார் போல. "உனக்கு எதுக்கும்மா? நீதான் நாள் முழுக்க எஞ்சினோட கிடக்கிறியே," என்றார். நான் விமான எஞ்சின் பழுதுபார்க்கும் டெக்னீஷியன். சமைக்கிறவளுக்குப் பசிக்காது என்று சொல்வது மாதிரி இருந்தது. தம்பிக்கோ வங்கி வேலை. ஸ்பேனரை எந்தப் பக்கம் திருப்பினால் இறுகும் என்றுகூட அவனுக்குத் தெரியாது.

காக்கி புக்கிட்டில் ஒரு பட்டறையில் காரை விட்டான். இந்த மாதிரிப் பழைய கார்களுக்கென்றே சாமான் செய்து விற்கிறவர்கள் இங்கிலாந்தில் இருக்கிறார்கள். அங்கிருந்து பெட்டி பெட்டியாக வரவழைத்தான். எலக்ட்ரானிக் இக்னிஷன், முன் சக்கரத்துக்குப் பெரிய டிஸ்க் பிரேக், ஐந்து கியர் உள்ள கியர்பாக்ஸ், எஞ்சின் சூட்டைத் தணிக்கப் பளபளவென்று ஓர் அலுமினிய ரேடியேட்டர், அதற்கு ஓர் எலக்ட்ரிக் ஃபேன். ஒவ்வொரு பெட்டியைப் பிரிக்கும்போதும் எனக்கு வாட்ஸ்அப்பில் படம் வரும், அக்கா இது நல்லதா, அக்கா இது சரியா என்று. எல்லாமே நல்லதுதான். அதுதான் எரிச்சல். கார் என் கையில் இருந்திருந்தால் நானும் அதையேதான் வாங்கியிருப்பேன். சில படத்துக்கு வெறும் கட்டைவிரலைப் போட்டேன், சிலதை ரெண்டு நாள் பார்க்காத மாதிரி இருந்தேன்.

எஞ்சினுக்குக் காற்றும் பெட்ரோலும் கலந்து கொடுக்கும் ரெண்டு கார்புரேட்டரும் ஒத்துவராமல் பட்டறைக்காரர் திண்டாடியபோது தம்பி என்னைக் கூப்பிட்டான். போக மாட்டேன் என்று நினைத்துக்கொண்டே போனேன். ஒரு ரப்பர் டியூபின் ஒரு முனையைக் கார்புரேட்டர் வாயிலும் மறுமுனையைக் காதிலும் வைத்துக்கொண்டு, காற்று இழுக்கும் சத்தம் ரெண்டிலும் ஒரே மாதிரி வரும்வரை ஸ்க்ரூவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினேன். குதித்துக்கொண்டிருந்த எஞ்சின் அடங்கிச் சீராக ஓட ஆரம்பித்தது. தம்பி தோளைத் தட்டி, கில்லாடிலா நீ என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷத்தில் இல்லை. என் கைக்கு இவ்வளவு அடங்குகிற வண்டி அவன் பேரில் இருக்கிறதே என்று.

எல்லாம் பூட்டி முடித்து, சோதனையிலும் பாஸாகி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சிராங்கூன் ரோட்டுக் கோயில் வாசலில் வண்டிப் பூஜை. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம், சந்தனம், குங்குமம். முன் கிரில்லில் ரோஜா மாலை கட்டச் சொன்னார் அப்பா. வருஷா வருஷம் பொங்கலுக்கு அவர் அங்கேதான் மாலை போடுவார். ஒருநாளும் ஒன்றும் ஆனதில்லை, ஏனென்றால் பழைய ஃபேன் ரேடியேட்டருக்குப் பின்னால் இருந்தது. தம்பி வாங்கிப் போட்ட புது எலக்ட்ரிக் ஃபேன் ரேடியேட்டருக்கு முன்னால், கிரில்லை ஒட்டி இருந்தது. மாலையின் நுனியில் நைலான் நூலும் ஜிகினாவும் கிரில் கம்பிகளுக்கு நடுவே நுழைந்து உள்ளே தொங்கின. ஃபேன் சுற்ற ஆரம்பித்தால் நூலை இழுத்துக்கொண்டு நின்றுவிடும், எஞ்சின் சூடாகிவிடும்.

பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன். எங்கள் வேலையில் தரையில் ஒரு நூல் கிடந்தால்கூடக் குனிந்து எடுத்துவிட்டுத்தான் அடுத்த அடி வைப்போம், காரணம் கேட்க வேண்டியதே இல்லை. கை தானாக நீண்டது. அப்போது தம்பி அப்பாவைக் கைபிடித்து அழைத்துவந்து அந்த இன்னொரு சீட்டில் உட்கார வைத்தான். ஈஸ்ட் கோஸ்ட் வரைக்கும் ஒரு சுற்று போய்விட்டு வருகிறோம், நீ பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்விடு என்றார் அப்பா. நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன். போகட்டும், சூடாகி வழியில் நிற்கட்டும், இவன் லட்சணத்தை அப்பாவே பார்க்கட்டும் என்று நினைத்தேன். அப்படியேதான் நினைத்தேன், கூட்டியும் குறைத்தும் சொல்லவில்லை.

பக்கத்தில் தேக்கா மார்க்கெட்டில் தோசை வாங்கி உட்கார்ந்தேன். ஒரு விள்ளல் பிய்த்துத் தட்டிலேயே வைத்துவிட்டேன். அரை மணி நேரத்தில் தம்பியிடமிருந்து போன் வந்தது. காலாங் பக்கம் வண்டி நின்றுவிட்டதாம், புகையாக வருகிறதாம், அப்பாவுக்கு வேர்த்துக் கொட்டுகிறதாம். டாக்ஸி பிடித்து ஓடினேன்.

அப்பா பஸ் ஸ்டாப் நிழலில் சட்டைப் பொத்தானைத் திறந்துவிட்டுக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. காருக்குப் போனேன். ஃபேன் நடுவில் மாலை நூல் இறுகச் சுற்றிக் கிடந்தது, ஃபியூஸ் போயிருந்தது. எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவினால் எண்ணெய் பால் காப்பி நிறத்தில் வந்தது. எஞ்சினுக்குள் எண்ணெயில் தண்ணீர் கலந்துவிட்டது. கொஞ்சம் சூடாகும், நிறுத்திவிடுவான் என்று நான் நினைத்தது தப்பு. அப்பா காற்றில் முகத்தை நீட்டிச் சிரித்துக்கொண்டே வந்தாராம், அந்தச் சந்தோஷத்தில் இவன் சூடு காட்டும் முள்ளைத் திரும்பியே பார்க்கவில்லை. இனி எஞ்சினை முழுசாகப் பிரிக்க வேண்டும். பிரித்தாலும் பிழைக்குமா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

தம்பி நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. எழுந்துவந்து சாவியை என் உள்ளங்கையில் வைத்தான்.

"நீயே வச்சுக்க அக்கா. உன்கிட்ட இருந்திருந்தா இப்படி ஆகியிருக்காது. அப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

வாயை மூடிக்கொண்டிருந்தால் முடிந்திருக்கும். இத்தனை நாள் எதற்கு வயிறெரிந்தேனோ அது கையில் இருந்தது. ஆனால் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் முடியவில்லை.

"மாலை உள்ள தொங்கினதை நான் பாத்தேன்டா. நீங்க கிளம்பறதுக்கு முன்னாடியே."

ஏன் என்று கேட்பான் என்று நின்றேன். கேட்டால் கொட்டித் தீர்க்க என்னிடம் நிறைய இருந்தது. அவன் கேட்கவில்லை. சாவியைத் திருப்பி வாங்கவும் இல்லை. போய் அப்பாவை எழுப்பி, கையைக் காட்டி ஒரு டாக்ஸியை நிறுத்தி, அவரை உள்ளே உட்கார வைத்தான்.

"அக்கா வரலையாடா?" என்று அப்பா கேட்டது என் காதில் விழுந்தது.

"அக்காகிட்ட கார் இருக்குப்பா," என்று சொல்லிவிட்டுக் கதவை மூடினான் தம்பி.